மொசியே வல்நோரின் கடைசி அத்தியாயங்கள்

1910 பிப்ரவரி 9, விபூதிப் புதன்

காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு, அதைத் துடைக்காமலே மதாம் தெமரே வீட்டுக்குப் போனேன். மடத்துப் பெரிய அம்மா சொல்லி அனுப்பிய வேலை. போன வாரம் புதுச்சேரிக் கடலோர வீதியில் ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டி குடைசாய்ந்து மதாமுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பேனா பிடிக்க முடியாது. அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். மடத்துப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை என்று நினைத்துத்தான் போனேன்.

பேரைக் கேட்டார்கள். ஞானப்பூ என்றேன். 'ஞா' அழகாக வந்தது அவர்களுக்கு. 'ப்பூ'வை விட்டுவிட்டு ஞானா என்று வைத்துக்கொண்டார்கள்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்கள். இரேன் என்று ஒரு பெண். புருஷன் வானசாஸ்திரி. அவன் தூங்கிய பிறகு அவனுடைய கணக்கையெல்லாம் இவள்தான் போடுகிறாள். ஊருக்கு எழுதும் கடிதமாக்கும் என்று நினைத்து, "இரேன் உங்கள் தங்கையா, மதாம்?" என்று கேட்டேன். கட்டுப்போட்ட கை வலிக்கும் அளவுக்குச் சிரித்தார்கள்.

என்ன சிரிப்பு என்று புரியவில்லை. வீட்டில் அண்ணி கேட்டாள், "என்ன எழுதச் சொன்னா அந்தம்மா?" தெரியவில்லை என்றேன். "எழுதினது நீதான?" என்றாள். ஆமாம், நான்தான்.

பிப்ரவரி 12, சனி

இரேன் போட்ட கணக்கில் ஒரு வால்வெள்ளி வருகிறது. அதன் வாலுக்குள் பூமி நுழையப்போகிறது. வாலில் இருக்கிற வாயு பட்டால் யாரும் சாகமாட்டார்கள். ஆனால் யார் யாருக்கு என்ன உறவு என்பது மட்டும் மறந்துபோகும்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "மதாம், இது நடந்ததா?"

"இன்னும் இல்லை."

"நடக்கப்போகிறதா?"

"மே மாதம் வால்வெள்ளி வருவது நிஜம். அதன் வாலில் சயனோஜன் என்று ஒரு விஷவாயு இருப்பதாகப் பாரீசில் எழுதுகிறார்கள். மறப்பது மட்டும் என் சரக்கு."

நடந்ததைச் சொன்னால் சரித்திரம். நடக்கப்போவதைச் சொன்னால் தீர்க்கதரிசனம், அதற்கு ஆண்டவர் அனுமதி வேண்டும். இது எதில் சேர்த்தி? கேட்டேன். "இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பதில் சேர்த்தி" என்றார்கள். விஞ்ஞானத்தை வைத்துச் சொல்லுகிற கதையாம். பாரீஸ் வாரப்பத்திரிகை ஒன்றில் மூன்று மாதமாக வந்துகொண்டிருக்கிறதாம். எழுதுகிறவர் பேர் லூய் வல்நோர்.

"அப்படியானால் மொசியே வல்நோர் யார்?"

"உங்கள் எதிரில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்."

பெண் பேரில் அனுப்பிய இரண்டு கதைகளைப் பத்திரிகை ஆசிரியர் திருப்பிவிட்டாராம். மூன்றாவதை வல்நோர் என்று அனுப்பியதும் எடுத்துக்கொண்டாராம். இது மதாமின் வீட்டுக்காரர் மொசியே தெமரேக்குக்கூடத் தெரியாது. அவர் பொதுப்பணி இஞ்சினியர், பாலமும் கால்வாயும் கட்டுகிறவர். நான் வந்து போவதற்கு அவரிடம் சொல்லியிருக்கும் காரணம், மதாம் தமிழ் படிக்கிறார்கள் என்பது. பொய்க்கு ஒரு ஆதாரம் வேண்டுமே என்று தினம் ஒரு தமிழ் வார்த்தை சொல்லிக்கொடுக்கிறேன். இன்றைக்குக் கத்திரிக்காய்.

பிப்ரவரி 17, வியாழன்

மொசியே தெமரே மத்தியானமே வந்துவிட்டார். தபால் கப்பலில் வந்த பத்திரிகைக் கட்டு கையில் இருந்தது. மேசையில் என் காகிதங்களின் மேல் அவசரமாக இலக்கணப் புத்தகத்தை வைத்து மறைத்தேன்.

"லுசீல், இந்த வல்நோர் ஆள் சாதாரணமானவன் இல்லை. கணக்கு தெரிந்தவன். என்னைக் கேட்டால் ராணுவத்தில் இஞ்சினியராக இருந்திருப்பான்" என்றார்.

மதாம் என்னைப் பார்க்காமல், "அப்படியா?" என்றார்கள்.

"ஆனால் இரேனின் புருஷனைத்தான் கொஞ்சம் மட்டமாகக் காட்டுகிறான். பாவம், அந்த மனுஷனுக்கு எத்தனை வேலை."

எனக்கு இருமல் வந்தது. நிஜ இருமல்தான்.

பிப்ரவரி 26, சனி

சாய்கோனிலிருந்து சின்னப்பன் வந்திருக்கிறார். அண்ணனோடு படித்தவர், அங்கே சுங்கத்தில் வேலை. அவரைப் பார்த்தால் என் வீட்டுக்காரரைப் பார்த்த மாதிரி என்று அண்ணன் சொல்லிக்கொண்டே பாயை விரித்தான். என் வீட்டுக்காரர் பிலவேந்திரன் சாய்கோன் போனது எங்களுக்குக் கல்யாணமான மறுவருஷம். முதலில் மாதம் ஒரு கடுதாசி, பிறகு கிறிஸ்மசுக்கு ஒன்று, பிறகு இல்லை.

சின்னப்பன் அண்ணனிடம் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. பிலவேந்திரன் அங்கே அந்த நாட்டு அன்னாமியப் பெண் ஒருத்தியோடு குடித்தனம் நடத்தினான். போன வருஷம் அவள் அம்மையில் போய்விட்டாள். இரண்டு வயசில் ஒரு பெண் குழந்தை. "பாத்துக்க ஆள் இல்லாம தவிக்கிறான். ஞானத்த அனுப்பிவைக்கச் சொன்னான்."

"தாலி கட்டினவன் கூப்புட்டா போய்த்தான ஆவணும்" என்றான் அண்ணன்.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி வைத்ததையே திரும்ப எடுத்துக் கழுவினேன் என்று அண்ணி பிற்பாடு சொன்னாள். இருக்காது.

மார்ச் 5, சனி

மதாம் சொல்வதை முதலில் வேகமாகக் கிறுக்கிக்கொள்வேன். மறுநாள் நல்ல காகிதத்தில் அழகாக எழுதிக்கொண்டு போவேன். இன்றைக்கு அதைப் படித்துக்கொண்டே வந்தவர்கள் ஓர் இடத்தில் நின்றார்கள்.

"'புருஷன் முகம் மறந்துபோனால் முதலில் வருவது துக்கம் இல்லை, பசி.' இது நான் சொன்னதா?"

"ஆமாம், மதாம்."

"நன்றாக இருக்கிறதே" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து கிறுக்கலைப் புரட்டிப் பார்த்தேன். அந்த வரி அதில் இல்லை. பின்னே எங்கிருந்து வந்தது? நான் பொய் சொல்லவில்லை. கேட்டபோது அவர்கள் சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம் இருந்தது.

மார்ச் 8, செவ்வாய்

இன்றைய வார்த்தை: நிலைப்படி. அவர்கள் வாயில் 'நிலாப்பதி' என்று வருகிறது. இன்னும் இரண்டு வரிகள் எனக்குத் தெரியாமல் நுழைந்துவிட்டன. அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 19, சனி, சூசையப்பர் திருநாள்

மதாமுக்கு ஐந்தாறு நாளாகக் காய்ச்சல். குடல் காய்ச்சல் என்கிறார் டாக்டர். தலைமுடியைக் கத்தரித்துவிட்டார்கள். பங்கா விசிறி இழுக்கிறவனும் ஆயாவும் மாற்றி மாற்றி ஈரத்துணி போடுகிறார்கள். படித்துக்காட்டினால் அடங்கிப் படுத்திருப்பதாக மொசியேவே என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

இருபது அத்தியாயம் பாரீசுக்கு அனுப்பியாகிவிட்டது. கடைசி மூன்றுதான் பாக்கி. வானத்தில் வால்வெள்ளி வருகிற வாரத்தில் பத்திரிகையில் கதை முடிய வேண்டும் என்பது ஆசிரியரின் ஏற்பாடு. அதற்கு ஏப்ரல் முதல் வாரத் தபால் கப்பலில் காகிதம் போக வேண்டும். பூமி வாலின் விளிம்பில் நிற்கிறது. இரேன் சன்னலைச் சாத்தலாமா வேண்டாமா என்று தாழ்ப்பாளில் கை வைத்திருக்கிறாள். அப்படியே நிற்கிறது கதை.

மார்ச் 23, புதன்

இன்றைக்கு நடந்ததை உள்ளபடி எழுதிவைக்கிறேன்.

மூன்று மணி இருக்கும். அறையில் நானும் மதாமும் மட்டும். நிறுத்திய இடத்தை, அந்தத் தாழ்ப்பாள் பத்தியை, படித்துக்காட்டினேன். கண் திறந்தது. என் முந்தானையைப் பிடித்து, "ஃபினிசே, ஞானா. ஃபினிசே" என்றார்கள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள்.

ஃபினிசே என்றால் முடியுங்கள் என்று அர்த்தம். பள்ளியில் பிள்ளைகள் சத்தம் போட்டால் பெரிய அம்மாவும் ஃபினிசே என்றுதான் அதட்டுவார்கள். அப்போது போதும், நிறுத்துங்கள் என்று அர்த்தம்.

மடத்துக்குப் போய்ப் பெரிய அகராதியைப் பார்த்தேன். இரண்டும் போட்டிருக்கிறது. முடிப்பது முதலில் இருக்கிறது.

மார்ச் 27, ஈஸ்டர் ஞாயிறு

உயிர்த்தார். மதாமுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

மார்ச் 31, வியாழன்

பிள்ளைகள் போனபிறகு வகுப்பறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நான்தான் எழுதுகிறேன் என்று சொல்ல முடியாது. மதாமின் காரியத்தை மதாமுக்காக முடித்துவைக்கிறேன், அவ்வளவுதான். அவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று நினைத்து நினைத்துத்தான் ஒவ்வொரு வரியும் போடுகிறேன்.

இரேன் சன்னலைச் சாத்தவில்லை. பால் நிறத்தில் ஒரு புகை வீதிக்குள் இறங்குகிறது. ரொட்டிக்காரன் தன் கடை எது என்று தெரியாமல் எதிர்க்கடையில் நின்று ரொட்டி சுடுகிறான், அதுவும் நன்றாகத்தான் வேகிறது. கைதிகளும் காவலர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தாய்மார் மட்டும் கையில் அகப்பட்ட பிள்ளைக்கெல்லாம் முகம் கழுவிவிடுகிறார்கள்.

ஏப்ரல் 4, திங்கள்

கடைசி அத்தியாயம். வானசாஸ்திரி வெளியூரிலிருந்து வீட்டுக்கு வருகிறான். அவனுக்கும் மறந்துவிட்டது. ஆனால் சட்டைப்பையில் முகவரி இருக்கிறது. கதவைத் தட்டி, "இந்த வீட்டில் எனக்கு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்கிறான்.

இரேனுக்குத்தான் மறக்கவில்லை. ஏன் மறக்கவில்லை என்பதற்கு ஒரு விஞ்ஞானக் காரணம் வேண்டுமே! ரொம்ப நேரம் யோசித்தேன். கணக்குப் போட்டுப் போட்டு வால்வெள்ளியோடு பழகிப்போனதால் அந்த வாயு அவளை ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினேன். மதாம் ஒத்துக்கொள்வார்களோ என்னவோ.

இரேன் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். நாற்காலி போடுகிறாள். அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அவன் குடித்துவிட்டு, நன்றி சொல்லி, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போகிறான். அவள் சன்னலில் நின்று வானத்தைப் பார்க்கிறாள். முற்றும்.

எழுதி முடித்ததும் எனக்கு நல்ல பசி. அண்ணி வைத்திருந்த வடகத் துவையலில் சட்டி காலி.

ஏப்ரல் 6, புதன்

தபாலில் சேர்த்துவிட்டேன். அனுப்புகிறவர் என்ற இடத்தில் லூய் வல்நோர் என்று எழுதினேன். வெளியே வந்தபிறகுதான் விரலில் மை இருந்ததைப் பார்த்தேன்.

ஏப்ரல் 9, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.

"பொய் சொன்னேன், சாமி."

"யாரப் பத்தி?"

"இல்லாத ஒருத்தியப் பத்தி."

சாமியார் காதை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். "இல்லாதவளப் பத்தி எப்படிம்மா பொய் சொல்ல முடியும்?"

"அவ புருஷன் வந்து கேட்டப்போ அவ வாயத் தொறக்கல. அப்படி நான் எழுதிட்டேன்."

"அந்தப் புருஷனாவது இருக்கானா?"

"அவனும் இல்ல, சாமி."

"அப்ப யாருக்கும்மா நஷ்டம்?" அவருக்கும் குழப்பம்தான். எதற்கும் இருக்கட்டும் என்று அருள்நிறை மந்திரம் பத்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எந்தப் பாவத்துக்கு என்று எனக்குத் தெளிவாகவில்லை.

ஏப்ரல் 25, திங்கள்

மதாமுக்குக் காய்ச்சல் விட்டது. கஞ்சி குடிக்கிறார்கள். என்னைப் பார்த்து, "உங்கள் பேர் என்ன?" என்று கேட்டு, நான் பயந்துபோன பிறகு, "விளையாட்டுக்கு" என்றார்கள். கதையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் எடுக்கவில்லை.

அண்ணன் ஜூலைக் கப்பலில் இடம் கேட்டிருக்கிறான். சின்னப்பன் திரும்பும்போது என்னையும் கூட்டிப்போவார். "என்ன ஞானம், சந்தோஷமா?" என்றான். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

மே 9, திங்கள்

விடிவதற்கு முன் அண்ணி எழுப்பினாள். கடற்கரையில் பாதி ஊர் நின்றது. கிழக்கே தண்ணீருக்கு மேலே வால்வெள்ளி. துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்தது போல இருக்கும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. விளக்கை அணைத்தபிறகும் கண்ணில் நிற்குமே, அந்த வெளிச்சம் போல இருந்தது.

"இது நம்ம மேல படுமா?" என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வால் மட்டும் படும், அண்ணி."

"பட்டா?"

யார் யாருக்கு யார் என்று மறந்துபோகும் என்று சொல்ல வாயெடுத்தேன். அது மதாமின் சரக்கு என்று ஞாபகம் வந்தது.

மே 19, வியாழன்

இன்றைக்குத்தான் வாலுக்குள் பூமி நுழைகிற நாள் என்றார்கள். கோவிலில் நிற்க இடமில்லை. கதவு இடுக்கிலெல்லாம் அண்ணன் துணி அடைத்தான். பக்கத்து வீட்டார் சமைத்ததை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்றும் ஆகவில்லை. எல்லாருக்கும் எல்லாரையும் ஞாபகம் இருந்தது. சாயங்காலம் அண்ணன், "ஞானம், கப்பல்ல எடம் கெடச்சுடுச்சு" என்றான்.

மே 24, செவ்வாய்

"ஞானா, காகிதங்களைக் கொண்டுவாருங்கள். ரொம்பத் தாமதம்தான். என்றாலும் கடைசி மூன்றையும் எழுதி அனுப்பிவிடலாம்" என்றார்கள் மதாம். கட்டு அவிழ்த்துவிட்டார்கள். கை குச்சியாக இருக்கிறது.

"அனுப்பியாகிவிட்டது, மதாம்."

"எது?"

"மூன்றும். ஏப்ரல் கப்பலில்."

என்னையே பார்த்தார்கள். "யார் எழுதியது?"

"நீங்கள்தான் ஃபினிசே என்றீர்கள்."

"நிறுத்து என்று சொல்லியிருப்பேன்! தலை வெடித்துக்கொண்டிருந்தது எனக்கு!" கத்தும் அளவுக்கு அவர்களுக்கு இன்னும் பலம் வரவில்லை, அதனால் குரல் கீச்சென்று வந்தது. "இரேனுக்கு என்ன செய்தீர்கள்? ஒரு வருஷமாக அவளை நான் வைத்துக் காப்பாற்றினேன். என் பேரில் நீங்கள் எப்படி..."

"உங்கள் பேரில் இல்லை, மதாம். வல்நோர் பேரில்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் அடித்த மாதிரி கேட்டது. கதவைக் காட்டினார்கள். வந்துவிட்டேன்.

ஜூன் 3, வெள்ளி

வேலை இல்லை. அண்ணிக்கு நான் கப்பலுக்குத் தயாராகிறேன் என்று நினைப்பு. பெட்டியைத் துடைத்து வைத்தாள். அதில் இன்னும் ஒன்றும் வைக்கவில்லை.

ஜூன் 18, சனி

ஆயா வந்து கூப்பிட்டாள். மொசியே நடையில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து நிமிர்ந்தார்.

"மத்மசேல், உங்கள் மாணவிக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். வல்நோர் முடித்துவிட்டான். கடைசி மூன்றிலும்தான் ஐயா, வாழ்ந்து அனுபவப்பட்ட ஓர் ஆண்பிள்ளை எழுதியது தெரிகிறது! கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் படித்தேன். நல்லவேளை, எல்லாம் கனவு என்று முடித்தான்."

கனவா?

உள்ளே மதாம் கதவைச் சாத்தினார்கள். மேசையில் பத்திரிகை. "கனவு என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அதுவரை சரி. அவனுக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்புகிறாள், சரி. அதற்கப்புறம் இது எதற்கு?"

வாங்கிப் படித்தேன். என் கடைசி வரிக்குக் கீழே இன்னொரு பத்தி. இரேன் திடுக்கிட்டு விழிக்கிறாள், புருஷன் புன்னகையோடு குனிந்து நெற்றியில் முத்தமிடுகிறான், "கணக்கெல்லாம் உனக்கு எதற்கு, கண்ணே" என்கிறான், அவள் வெட்கப்படுகிறாள்.

"இது நான் எழுதியது இல்லை, மதாம். நீங்கள்தான் தந்தி கொடுத்து மாற்றச் சொல்லியிருப்பீர்கள் என்று..."

"நானா? கண்ணே என்று நான் எழுதுவேனா?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர்களுக்கு முதலில் விளங்கியது. "ஆசிரியன்" என்றார்கள். "பாரீசில் உட்கார்ந்துகொண்டு அந்த மீசைக்காரன் சேர்த்துவிட்டிருக்கிறான்."

சிரிக்க ஆரம்பித்தார்கள். கத்தரித்த தலை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். பிறகு அது அழுகையாகிவிட்டது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் அந்தத் தலையைத் தடவிக்கொடுத்தேன். முளைத்த முடி முள்ளாகக் குத்தியது.

"நீங்களாக இருந்தால் எப்படி முடித்திருப்பீர்கள், மதாம்?"

"தெரியாது. தெரியாததால்தான் காய்ச்சல் வந்ததோ என்னவோ."

"அன்றைக்கு நீங்கள் சொன்ன ஃபினிசே?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "அதுவும் தெரியாது, ஞானா. சத்தியமாகத் தெரியாது."

ஜூலை 2, சனி

மதாம் புதுக் கதை ஒன்று யோசித்திருக்கிறார்கள். கடலுக்கு அடியில் தந்திக் கம்பி பதிக்கிறார்களே, அதற்குள் செத்துப்போனவர்களின் குரல் மாட்டிக்கொள்கிறது. கரையில் அதைக் கேட்பவள் நம் ஊர்ப் பெண் என்று நான் சொன்னேன். சேர்ந்து எழுதலாம், இரண்டு பேர் பேரும் போடலாம் என்றார்கள். "எடுத்துக்கொள்ளவில்லை என்றால்?" என்று கேட்டேன். "அப்போது வேறு பத்திரிகை" என்றார்கள்.

கப்பல் பன்னிரண்டாம் தேதி என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜூலை 9, சனி

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தான். சாப்பிட்ட பிறகு சொல்லியிருக்கலாம்.

"நான் போகல, அண்ணா."

"எங்க?"

"சாய்கோனுக்கு."

சோற்றில் கை அப்படியே நின்றது. "பைத்தியமா ஒனக்கு? ஆறு வருஷம் கழிச்சாவது கூப்புட்டானேன்னு நாங்க மெழுகுவத்தி ஏத்தி வச்சிருக்கோம்."

"அவருக்குப் பிள்ளையப் பாத்துக்க ஆள் வேணும். அதான் கூப்புட்டாரு."

"எதுக்குக் கூப்புட்டா என்ன? புருஷன் புருஷன்தான். இங்க இருந்து என்ன பண்ணப்போற?"

"மதாமோட கத எழுதுறேன்."

"என்ன கத?"

"கடலுக்கு அடியில கம்பி போவுது. அதுல செத்தவங்க பேசுறாங்க."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி மோரை ஊற்றினாள். அவள் ஏதாவது திட்டுவாள் என்றுதான் நினைத்தேன். "கப்பல்ல ஏத்தி விட்டுட்டா நாளைக்கு அங்க இவ எப்படி இருக்கான்னு நமக்கு யாரு வந்து சொல்லுவா?" என்றாள் அண்ணனிடம். "இங்கயே கெடக்கட்டும். எனக்கும் ஒத்தாசை."

அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். விளக்கு வைத்தபிறகு, "டிக்கெட்டத் திருப்பிக் குடுக்கணும்" என்றான், சுவரைப் பார்த்து.

ஜூலை 12, செவ்வாய்

துறைமுகப் பாலம் வரை போனேன். சின்னப்பனிடம் ஒரு துணிப்பொட்டலம் கொடுத்தேன். இரண்டு நாளாகத் தைத்த சின்ன கவுன், காலர் வைத்தது. அளவு தெரியாது. பள்ளியில் இரண்டு வயதுப் பிள்ளை யாரும் கிடையாது, அதனால் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.

"அவன்கிட்ட என்னன்னு சொல்றது?" என்று கேட்டார்.

"பிள்ளைக்குன்னு சொல்லுங்க."

"அதில்ல தங்கச்சி. ஒன்னப் பத்தி."

படகு ஆடிக்கொண்டிருந்தது, அதற்குள் அவர் இறங்க வேண்டியிருந்தது. நல்லபடியாக இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். போகமாட்டேன் என்றுவிட்டு, முகம் தெரியாத பிள்ளைக்கு ஏன் கவுன் தைத்தேன்? கப்பல் மறையும்வரை நின்று யோசித்தேன். தெரியவில்லை. காலர் மட்டும் நன்றாக அமைந்திருந்தது.

ஜூலை 30, சனி

கதை முடிந்தது. இந்தத் தடவை காய்ச்சல் இல்லை, சண்டை மட்டும். தந்திக் கம்பி எத்தனை ஆழத்தில் போகிறது என்று மதாம் ஒரு வாரம் புத்தகம் புரட்டினார்கள். செத்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி என்ன என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் யார் யார் சாப்பிட்டாயிற்று என்றுதான் கேட்பார்கள்.

பிறகு பேர். மதாம் லுசீல் தெமரே என்று அவர்கள் போட்டாயிற்று. பேனாவை என்னிடம் நீட்டினார்கள்.

"மத்மசேல் என்பதா, மதாம் என்பதா?" என்று கேட்டார்கள்.

கல்யாணமான பெண் மத்மசேல் இல்லை. மதாம் என்று போட்டால் பின்னால் புருஷன் பேர் வர வேண்டும், மதாம் பிலவேந்திரன். எனக்கு யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. அவர்கள் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் மதாம் என்பதற்குச் சுருக்கமாகப் பிரெஞ்சில் போடுகிற மூன்று எழுத்தையும் போட்டு, பக்கத்தில் ஞானப்பூ என்று எழுதினேன். இது முறையா என்று கேட்டேன். முறை இல்லை என்றார்கள்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

மதாம் எல்லாவற்றையும் மொசியேயிடம் சொல்லிவிட்டார்களாம். வல்நோர் யார் என்பதிலிருந்து. அவர் முதலில் சிரித்தாராம். பிறகு பழைய பத்திரிகைகளையெல்லாம் எடுத்து முதலிலிருந்து படித்தாராம். இன்று காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, "இரேனின் புருஷனை என்னைப் பார்த்தா எழுதினாய்?" என்று கேட்டாராம்.

"என்ன சொன்னீர்கள், மதாம்?"

"இல்லை என்றேன். கொஞ்சம் சீக்கிரமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது."

அக்டோபர் 15, சனி

சின்னப்பன் எழுதியதை அண்ணன் படித்தான். பிலவேந்திரன் ஒன்றும் சொல்லவில்லையாம். குழந்தையை அங்கேயே கன்னியர் மடத்தில் விட்டிருக்கிறானாம். கவுன் பெரிதாம். அடுத்த வருஷம் சரியாக இருக்கும் என்று அம்மாமார் எடுத்து வைத்திருக்கிறார்களாம். இன்று முழுக்க எனக்கு எதிலும் கை ஓடவில்லை.

நவம்பர் 12, சனி

பத்திரிகை வந்துவிட்டது. எடுத்துக்கொண்டார்கள்! அதே மீசைக்கார ஆசிரியர், முதல் பக்கத்திலேயே, தந்திக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிற படத்தோடு. படத்தில் அவளுக்குப் புடவை கட்டத் தெரியவில்லை. கதையில் ஒரு வரிகூட மாறவில்லை. மதாமும் நானும் முழுக்க ஒப்பிட்டுப் பார்த்தோம்.

தலைப்புக்குக் கீழே மதாம் லுசீல் தெமரே. அடுத்து நான். எனக்கு முன்னால் மூன்று எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரே எழுத்து. மொசியே என்று அர்த்தம். கடைசியில் ஆசிரியர் குறிப்பு வேறு: இக்கதையின் விஞ்ஞானப் பகுதிகளுக்கு உதவியவர் புதுச்சேரி அறிஞர் மொசியே ஞானப்பூ.

"கம்பியின் ஆழத்தைப் பார்த்தது நான்!" என்றார்கள் மதாம். எழுத்துக் கோத்தவனின் கை தவறா, ஆசிரியரின் புத்தியா என்று இருவரும் பேசிப் பேசிப் பார்த்தோம். ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. திருத்தம் போடச் சொல்லி அவர்கள் எழுதப்போகிறார்கள். பதில் வர ஜனவரி ஆகும். போடுவாரோ என்னவோ.

ஒரு பிரதி எனக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அண்ணன் வாங்கிப் படித்துவிட்டு வெளியே எடுத்துக்கொண்டு போனான். நாலு வீட்டில் காட்டிவிட்டுத்தான் திரும்பினான் என்று பிறகு தெரிந்தது. என்னிடம், "பரவால்ல" என்று மட்டும் சொன்னான்.

அண்ணிக்கு எழுத்து தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இதுல எது நீ?"

விரல் வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"முன்னாடி தனியா ஒண்ணு நிக்குதே, அது என்ன?"

"ஆம்பளைன்னு போட்டிருக்கான், அண்ணி."

"யார?"

"என்ன."

அண்ணி என்னை ஒரு தரம் பார்த்தாள், பத்திரிகையை ஒரு தரம் பார்த்தாள். "சரி, பேனாவ எடு" என்றாள்.

எடுத்தேன். அந்த ஒரு எழுத்துக்குப் பக்கத்தில் நெருக்கி இரண்டு எழுத்து சேர்த்தேன். மை பரவிவிடும் போலிருந்தது. அண்ணி குனிந்து மெதுவாக ஊதினாள். இந்தப் பிரதியில் சரியாகிவிட்டது. மற்றவையெல்லாம் பாரீசில் இருக்கின்றன.